மாணவர் உரிமத்தில் வரைந்த வீட்டுப் பிளானுக்குக் காசு வாங்கலாமா?

பாம்பன் டிப்ளமோ:
சிவில் கடைசி வருஷம் படிக்கிறேன். பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் மாணவர் கணக்கில் இலவசமாகக் கிடைத்தது. தங்கச்சிமடத்தில் தெரிந்த மேஸ்திரி ஒருவர் ஒரு வீட்டுக்குப் பிளான் கேட்கிறார், காசும் தருவார். ஆபீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஆட்டோகேடில் உள்ள கட்டளை எல்லாம் இதிலும் இருக்கிறது. அப்புறம் என்ன தடை?

கீழக்கரை வரைவு ஆபீஸ்:
மென்பொருள் ஒன்றுதான் தம்பி, உரிமம்தான் வேறு. மாணவர் உரிமம் படிக்கவும் சொல்லிக்கொடுக்கவும் மட்டுமே. ஒரு வருஷம் செல்லும், மாணவராக இருக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குச் சம்மதம் சொல்லித்தான் இறக்கியிருக்கிறீர்கள். நான் வருஷா வருஷம் சந்தா கட்டுகிறேன். அதே வேலையை இலவச உரிமத்தில் பாதிக் காசுக்குச் செய்தால், என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் எதை வைத்துச் சம்பளம் கொடுப்பது?

தொண்டிக்காரன்:
காக்கா, கம்பெனிக்காரன் தர்மத்துக்கா இலவசமாகக் கொடுக்கிறான்? படிக்கும்போதே கை பழகிவிட்டால், நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் அதையே வாங்குவார்கள். அவனுக்கு லாபம் வந்துவிடுகிறது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் வருமானம் நின்றுபோன வீட்டில், பையன் ஒரு பிளான் வரைந்து அரிசிக்குக் கொடுத்தால் அது திருட்டா? துபாயில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குப் போனாலும் முதலில் என்ன வரைந்திருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள்.

கீழக்கரை வரைவு ஆபீஸ்:
வரையட்டும், யார் வேண்டாம் என்றது? சொந்த வீட்டை அளந்து பாடத்துக்காக வரையலாம், அதைக் காட்டி வேலையும் கேட்கலாம். விற்பதைத்தான் கூடாது என்கிறேன். பழைய மாணவர் பதிப்பில் அச்சடித்தால் தாளின் நான்கு ஓரத்திலும் மாணவர் பதிப்பு என்று முத்திரை விழும். அதிலிருந்து ஒரு கதவை எடுத்து ஆபீஸ் கோப்பில் ஒட்டினாலும் அந்தக் கோப்பிலும் முத்திரை ஏறிவிடும். பிறருடைய வேலையும் சேர்ந்து கெட்டது.

மண்டபம் ஆய்வு மாணவி:
இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கணக்கீட்டு மென்பொருளான மாட்லாபில் மாணவர் உரிமம் வேறு, கல்வி நிறுவன உரிமம் வேறு. முதலாவது என் பாடத்துக்கு. நிறுவனத்தின் ஆய்வு வேலையை அதில் ஓட்டக்கூடாது, நான் மாணவியாகவே இருந்தாலும். மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2010 இன்னொரு வகையாக இருந்தது. மாணவர் என்று சான்று காட்டாமல் யாரும் வாங்க முடிந்தது, வீட்டில் மூன்று கணினியில் போட முடிந்தது. மின்னஞ்சலுக்கான அவுட்லுக் அதில் இருக்கவில்லை. கடைக் கணக்கு எழுதவும் அனுமதி இருக்கவில்லை. பெயரை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள்.
தம்பிக்கு: லிப்ரேகேட் என்பது பிளான் வரைவதற்கான கட்டற்ற மென்பொருள். அதில் வரைந்து காசு வாங்கலாம், யாரும் கேட்கமுடியாது.

தொண்டிக்காரன்:
அக்கா, லிப்ரேகேட் வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் என்ற கோப்பு வகையாகத்தான் சேமிக்கும். இன்ஜினியர் ஆட்டோகேடின் சொந்தக் கோப்பு வகையான டிடபிள்யூஜி கொடு என்பார். அப்போது பையன் என்ன செய்வான்?

கீழக்கரை வரைவு ஆபீஸ்:
டிஎக்ஸ்எஃப்பை ஆட்டோகேடே திறக்கும். எங்கள் ஆபீஸுக்கு அப்படி வந்தால் திறந்து, எழுத்தும் அளவும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். டிடபிள்யூஜிதான் வேண்டும் என்கிற இன்ஜினியர் தன் கணினியில் மாற்றிக்கொள்ளட்டும். அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் ஒரு மாதச் சந்தா எடுத்து, அந்தச் செலவை மேஸ்திரியிடம் பேசி வாங்குங்கள்.

தொண்டிக்காரன்:
ஒரு சின்ன வீட்டுப் பிளானுக்குக் கிடைக்கிற காசைச் சந்தாவே தின்றுவிடும் காக்கா. சம்பாதிக்கத் தொடங்குகிறவனுக்கென்று நடுவில் ஒரு விலை இருக்கவேண்டும். இலவசம், இல்லையென்றால் முழு விலை என்றால் இந்தப் பையன்கள் எங்கே நிற்பார்கள்?

கீழக்கரை வரைவு ஆபீஸ்:
அந்த விலையைக் கம்பெனியிடம் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அது வரும்வரை மாணவர் உரிமத்தில் விற்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பாம்பன் டிப்ளமோ:
மேஸ்திரியிடம் கேட்டேன், அச்சடித்த தாள் போதுமாம். லிப்ரேகேட் இறக்கிவிட்டேன். தமிழ் எழுத்து அதில் சரியாக வருமா என்று யாராவது சொல்லுங்கள்.