மறு: செகண்ட் – நொடியா, விநாடியா? லீப் செகண்டுக்கு என்ன சொல்?

> விநாடி பாடநூலில் பழகிய சொல். அதையே வைத்துக்கொள்வோம். லீப் செகண்டைத் ‘தாவு விநாடி’ எனலாம்.

வணக்கம்.

விநாடிக்கு ஏற்கெனவே ஓர் அளவு உண்டு. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. அப்படியானால் ஒரு விநாடி 24 செகண்ட். பஞ்சாங்கங்களில் இந்தக் கணக்கு இன்னும் வழக்கில் இருக்கிறது. பஞ்சாங்கச் செயலி ஒன்றில் நாழிகைக் கணக்கும் கடிகாரக் கணக்கும் அருகருகே வந்தால், ‘10 விநாடி’ என்பது 10 செகண்டா, 4 நிமிடமா?

நொடியில் இந்த மோதல் இல்லை. ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்ற தொல்காப்பிய நூற்பாவில் அது விரல் நொடிக்கும் பொழுது. இத்தனையில் ஒரு பங்கு என்ற கணக்கு அதில் இல்லை. ஆகவே 1967இல் வரையறுத்த அளவை, அதாவது சீசியம் 133 அணுவின் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலத்தை, அதன்மேல் தயங்காமல் ஏற்றலாம்.

ஆங்கிலச் சொல் லத்தீனின் ‘பார்ஸ் மினுட்டா செகுண்டா’விலிருந்து வந்தது: இரண்டாம் சிறு கூறு. முதல் சிறு கூறுதான் மினிட். பெயர் உதிர்ந்து ‘இரண்டாம்’ என்ற அடை மட்டும் மிஞ்சியதால், மென்பொருள் மொழிபெயர்ப்புக் கோப்பில் தனியாக நிற்கும் ‘செகண்ட்’ காலமா, வரிசை எண்ணா, தீர்மானத்தை வழிமொழிவதா என்று தெரியாது. ‘5 இரண்டாவதுக்கு முன்’ என்ற பிழை இப்படித்தான் நுழைகிறது. சூழல் குறிப்பு இல்லாத சரத்தை (மொழிபெயர்க்க வரும் சொல்லை அல்லது தொடரை) மொழிபெயர்க்காமல், நிரலாளரிடம் திருப்பி அனுப்புங்கள்.

கோணத்துக்கு நொடி வேண்டாம். பாகை, அதில் 60இல் ஒரு பங்கான கலை, கலையில் 60இல் ஒரு பங்கான விகலை இருக்கின்றன. வானியலில் இது கட்டாயம்: வல ஏற்றத்தில் (விண்பொருளின் கிழக்கு-மேற்கு இடத்தைக் காலக் கணக்கில் சொல்லும் அளவு) 1 நொடி வான நடுவரையில் 15 விகலை. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் தொலைநோக்கி வேறெங்கோ திரும்பும்.

லீப் செகண்ட் என்பது புவிச் சுழற்சியோடு ஒத்துப்போக உலகக் கடிகார நேரத்தில் அவ்வப்போது செய்யும் ஒரு நொடித் திருத்தம். அதற்குத் ‘தாவு’ எனக்கு ஒப்பில்லை. லீப் ஆண்டில் ஒரு தேதியின் கிழமை ஒன்றுக்குப் பதில் இரண்டு நகர்ந்து, நடுவில் ஒரு கிழமையைத் தாண்டுகிறது; இங்கே எதுவும் தாண்டவில்லை, கடிகாரம் ஒரு நொடி காத்து நிற்கிறது. கடைசியாக உலகப் பொது நேரப்படி (UTC) 2016 டிசம்பர் 31 அன்று 23:59:60 வந்தது. நமக்கு அது 2017 ஜனவரி 1, காலை 05:29:60. நொடி 59ஐத் தாண்டாது என்று எழுதிய நிரல்கள் அந்த 60ஐப் பிழையென்று தள்ளிவிடும். ‘மிகை நொடி’யும் முழுதாகப் பொருந்தாது: 1972 முதல் சேர்த்த 27உம் கூட்டல்தான் என்றாலும், கழிக்கவும் விதியில் இடமுண்டு. புவிச் சுழற்சிக்கும் அணுக் கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஈடுகட்டுவதால் ‘ஈடு நொடி’ என்கிறேன்.

---

உங்கள் மடலில் சொன்ன நொடி, விகலை இரண்டுக்கும் உடன்பாடு. ‘ஈடு’ மட்டும் அடமானமாகக் காதில் விழுகிறது. அரசு அலுவலகங்களில் ‘ஈடுசெய் விடுப்பு’ நன்றாக ஊன்றிவிட்ட சொல். அதே தடத்தில் ‘ஈடுசெய் நொடி’ என்போமே. கூட்டினால் ‘கூட்டல் ஈடுசெய் நொடி’, குறைத்தால் ‘கழித்தல் ஈடுசெய் நொடி’. இடம் குறுகிய பட்டியல் தலைப்புகளில் ‘ஈ.நொடி’ போதும்.