எலிங்டனின் மணி ஜங்கிள்: முதல்முறை கேட்டபோது உங்களுக்கு என்ன ஆனது?

ஊசிமுனை:
பத்து வருஷமாக உறுத்துகிறது. பழைய இசைத்தட்டு விற்பவரிடம் இந்த ஜாஸ் எல்பியை வாங்கினேன். பியானோவில் டியூக் எலிங்டன், பேஸ் தந்தியில் சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச், அப்புறம் என்ன வேண்டும்? முதல் பாட்டிலேயே மிங்கஸ் ஒரே சுரத்தைப் பிடித்து இழுக்கிறார், இழுக்கிறார், விடுவதாகவே இல்லை. கீறல் விழுந்த தட்டைத் தலையில் கட்டிவிட்டாரே என்று மறுநாள் போய்ச் சத்தம் போட்டேன். அவர் பேசவே இல்லை. தட்டைச் சுழலவிட்டு, ஊசி சீராக நகர்வதை விரலால் காட்டினார். காசையும் எடுத்து நீட்டினார். வாங்காமல் ஓடிவந்துவிட்டேன்.

கமலிஅம்மா:
எனக்கு இரண்டாவது பாட்டு, அந்த ஆப்பிரிக்கப் பூ. மகளைத் தூங்கவைக்கப் போட்டேன். பியானோ மெதுவாகப் போக, அடியில் மிங்கஸின் தந்தி படபடக்கிறது. "அம்மா, பூச்சி மாட்டிக்கிச்சு, திறந்து விடு" என்று ஒரே அழுகை. ஸ்பீக்கர் துணியைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் தூங்கினாள்.

கடைசிபஸ்:
ஊசிமுனை சார், அது சுரம் இல்லை, கோபம். ஒலிப்பதிவின் பாதியில் மிங்கஸ் கிளம்பிப் போனதும், எலிங்டன் பின்னாலேயே போய்க் கூட்டிவந்ததும் எல்லாரும் சொல்கிற கதைதானே. எனக்கு இதே தட்டில் வரும் காரவான்தான். அந்த மெட்டு, எலிங்டன் குழுவில் டிராம்போன் ஊதிய ஹுவான் டிசோலுடையது. 1953-இல் அந்த டிசோலோடு மோதித்தான் மிங்கஸ் எலிங்டன் குழுவில் வேலை இழந்தார். ஒன்பது வருஷம் கழித்து அதே முதலாளியோடு, அதே டிசோல் மெட்டு! என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அரைக்கட்டை:
கதை தெரிந்ததால் உங்களுக்குக் கோபம் கேட்கிறது. தெரியாத குழந்தைக்குப் பூச்சிதானே கேட்டது? என் அனுபவம் சின்னது: கல்யாணமான புதிதில் போட்டேன், மனைவி எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதனால் சொல்கிறேன், இதில் தொடங்காதீர்கள். முதலில் எலிங்டன் 1953-இல் கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வாசித்ததைக் கேளுங்கள். பேஸில் வெண்டல் மார்ஷல், டிரம்ஸில் பெரும்பாலும் புட்ச் பல்லார்ட். அதில் 'ரிஃப்ளெக்ஷன்ஸ் இன் டி'யை விளக்கணைத்துவிட்டுக் கேட்கவேண்டும். அடுத்து 1961-இல் வாசித்தது, பேஸில் ஆரன் பெல், டிரம்ஸில் சாம் வுட்யார்ட். இவர்களெல்லாம் அவருடைய ஆர்கெஸ்ட்ராவில் இருந்தவர்கள். பெரியவர் எங்கே திரும்புவார் என்று தெரிந்து வழிவிடுவார்கள். மணி ஜங்கிளில் அவருக்கு 63 வயது, மிங்கஸுக்கு 40, ரோச்சுக்கு 38. இரண்டு பேருமே தனிக் கடை போட்டவர்கள், வழிவிடுவார்களா? 1962 செப்டம்பர் 17, நியூயார்க்கில் ஒரே நாளில் முடித்தது வேறு. ஹெட்ஃபோனும் வேண்டாம், நல்ல ஸ்பீக்கர்தான் சரி.

ஊசிமுனை:
நான் யோசனை கேட்கவில்லையே.

கமலிஅம்மா:
அரைக்கட்டை சார், 1953 தட்டைப் போட்டதும் வீட்டில் கதவைத் திறந்தார்களா?

அரைக்கட்டை:
இல்லை.