பீட்டா ஐஎஸ்ஓ சோதிக்க ஆசை, நிரல் எழுதத் தெரியாது. என்னால் பயன் உண்டா?

ஓசூர்ரோடு_குமரன்:
வணக்கம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டு உபயோகத்துக்கு ரொம்ப நாளாக உபுண்டு லினக்ஸ்தான், ஆனால் நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய திங்க்பேட் ஒன்று சும்மா கிடக்கிறது. அடுத்த உபுண்டுவின் பீட்டாவை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பை, யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்கிறார்களே, என்னை மாதிரி ஆள் செய்தால் யாருக்காவது உதவுமா, இல்லை கூட்டத்தோடு கோவிந்தா போடுவதுதானா? தினமும் புது ஐஎஸ்ஓ (நிறுவுவதற்கான முழு வட்டுக் கோப்பு) இறக்கச் சொன்னால் பிஜி ஓனர் வைஃபையைப் பிடுங்கிவிடுவார், அதையும் சொல்லிவிடுகிறேன். விர்ச்சுவல்பாக்ஸில், அதாவது கணினிக்குள்ளேயே ஓடும் விர்ச்சுவல் மெஷினில், போட்டுப் பார்த்தால் போதாதா?

பிடிஎம்_பாலா:
தம்பி, அந்தப் பழைய திங்க்பேடுதான் உங்கள் முதலீடு. விர்ச்சுவல் மெஷினில் நிறுவிப் பார்ப்பதை இயந்திரமே செய்கிறது. ஓப்பன்சூசே, ஃபெடோரா என்ற மற்ற லினக்ஸ்கள் ஓப்பன்க்யூஏ என்ற தானியங்கிச் சோதனைக் கருவியை வைத்திருக்கின்றன, அதுவே பொத்தானை அழுத்தி, திரையைப் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடும். ஆனால் மூடியை மூடித் திறந்தால் டச்பேட் செத்துப்போகிறதா, ஹெட்ஃபோனைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்குகிறதா, இதெல்லாம் கையில் பெட்டி இருப்பவருக்குத்தான் தெரியும்.

உபுண்டுவுக்கு ஐஎஸ்ஓ டிராக்கர் என்று ஒரு தளம் உண்டு, லாஞ்ச்பேட் (உபுண்டுவின் பிழைப் புகார் தளம்) கணக்கு இருந்தால் போதும். முழு வட்டில் நிறுவுவது, நிறுவாமலே லைவ் செஷனில் ஓட்டிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் படிப்படியாக எழுதி வைத்திருப்பார்கள், செய்து பார்த்து பாஸ் அல்லது ஃபெயில் போட வேண்டும், ஃபெயில் என்றால் பக் (பிழைப் புகார்) எண்ணும் சேர்த்து. பாஸ் போடுவதும் வேலைதான். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை உருவாக்குகிறவர்கள், நிறுவல் ஒழுங்காக முடிந்தாலும் ஓர் அறிக்கை அனுப்பச் சொல்லி நிறுவல் கையேட்டிலேயே கேட்கிறார்கள்.

டேட்டா கவலைக்கு ஜெட்சிங்க் என்ற கருவி. நேற்றைய ஐஎஸ்ஓ உங்களிடம் இருந்தால் இன்றையதில் மாறிய துண்டுகளை மட்டும் இறக்கும்.

புகார் எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "வைஃபை வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தேதி ஐஎஸ்ஓ, எந்த மாடல், எந்த வைஃபை சிப், மூடியை மூடி எத்தனை நிமிஷம் கழித்துத் திறந்தால் போகிறது, ஒவ்வொரு முறையுமா எப்போதாவதா, முந்தைய வெளியீட்டில் இதே பெட்டியில் ஓடியதா. இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஓடியது" என்று சொல்ல முடிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். உபுண்டு-பக் கட்டளையிலிருந்து தொடங்கினால் தேவையான லாக்குகளில் (கணினி எழுதி வைக்கும் பதிவுகளில்) பெரும்பாலானவற்றை அதுவே சேர்த்துக்கொள்ளும். இன்னொன்று, பீட்டாவிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் பெரும்பாலும் ரிலீஸ் நோட்ஸில் "தெரிந்த சிக்கல்" என்று ஒரு வரியோடு முடிந்துவிடும்.

மீனா_கே:
பாலா சார் சொன்னதோடு ஒன்று. விர்ச்சுவல் மெஷினை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், வட்டைப் பார்ட்டிஷன்களாகக் கையால் பிரிக்கும் சோதனையை முதலில் அதில் பழகுவதுதான் நல்லது.

அப்புறம் குமரன், நீங்கள் தமிழில் தட்டச்சு செய்கிறவர், அது சாதாரணமில்லை. தமிழ்99 விசைப்பலகையைப் போட்டு வைத்துவிட்டுத் திரையைப் பூட்டுங்கள், கடவுச்சொல் பெட்டியில் எந்த விசைப்பலகை வருகிறது, ஆங்கிலத்துக்கு மாற்ற வழி கண்ணில் படுகிறதா? "கொ" என்று அடித்துப் பேக்ஸ்பேஸ் ஒரு தடவை தட்டுங்கள், முழு எழுத்தும் போகிறதா, "க" மிஞ்சுகிறதா, முந்தைய வெளியீட்டில் எப்படி இருந்தது? தமிழில் பெயர் வைத்த ஃபோல்டரைத் தேடினால் கிடைக்கிறதா? லிப்ரேஆபீஸிலிருந்து பிடிஎஃப் எடுத்து, அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும் கூத்து இன்னும் நடக்கிறதா என்று தெரிந்துவிடும். ஃபெடோரா இதற்கென்றே ஐ18என் (பன்மொழி ஆதரவு) டெஸ்ட் டே நடத்துகிறது. நாம் பார்க்காவிட்டால் வேறு யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

சும்மாகேட்டேன்:
பெரிய கம்பெனிகள் காசு பார்க்க நாம் ஓசியில் உழைப்பதா? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

பிடிஎம்_பாலா:
கோபம் நியாயமானதுதான், அதற்காகக் கம்பெனி இல்லாத டெபியனையே எடுத்துக்கொள்ளுங்களேன். 2024 மார்ச் கடைசியில் நடந்த எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் வேலை செய்கிறவர், டெபியனைச் சோதிப்பது அவர் உத்தியோகம் இல்லை. டெபியனின் வளர்ச்சிப் பதிப்பான சிட்டில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைப் பார்த்து நோண்டப் போய், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 இரண்டிலும் யாரோ பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். டெபியன் ஸ்டேபிளுக்கு, அதாவது முறையாக வெளியான நிலையான பதிப்புக்கு, அது வந்து சேரவே இல்லை. உபுண்டு 24.04 பீட்டாவை ஒரு வாரம் தள்ளி, அந்த எக்ஸ்இசட் வந்த பிறகு கட்டிய பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) எல்லாம் திரும்பக் கட்டி, ஏப்ரல் 11 அன்று விட்டார்கள். வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பை யாரோ தன் வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்ததால்தானே சிக்கியது? வேறு யார் கண்ணிலும் படாமல் அது சர்வர்களுக்குப் போயிருந்தால் நீங்களும் நானும்தான் மாட்டியிருப்போம்.

சும்மாகேட்டேன்:
சரி, அது வேறு கதை. ஆனாலும் ஒரு டி-ஷர்ட்டாவது கொடுக்கலாம்.

ஓசூர்ரோடு_குமரன்:
நன்றி அண்ணா, நன்றி மீனா அக்கா. தமிழ்ப் பக்கம்தான் எனக்குச் சரிப்படும் போலிருக்கிறது, பூட்டுத் திரையிலிருந்து தொடங்குகிறேன். 8 ஜிபி பென் டிரைவ் போதுமா? ஆபீஸ் லேப்டாப்பிலும் ஒரு தடவை லைவ் மட்டும் ஓட்டிப் பார்க்கலாமா?

மீனா_கே:
8 ஜிபி போதும், ஐஎஸ்ஓ 6 ஜிபியை ஒட்டித்தான் வரும். எழுதுவதற்கு முன் எஸ்ஹெச்ஏ256 (கோப்பு சரியாக இறங்கியதா என்று காட்டும் எண்) சரிபாருங்கள், பாதி இறங்கிய கோப்பை வைத்துக்கொண்டு பக் போட்டால் எல்லாருக்கும் நேரம் வீண். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள், லைவ் என்றாலும் ஐடி ஆட்களுக்குப் பதில் சொல்லி மாளாது.