ஏலியன் படையெடுப்பு கேம்பெயின்: பிளேயர்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள், உதவி தேவை

பர்கூர் பகடை:
வணக்கம். கிருஷ்ணகிரியில் நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவியல் புனைவு ரோல்பிளே ஆடுகிறோம், அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். கதை நம் ஊரிலேயே நடக்கிறது. கே.ஆர்.பி. அணைக்கு மேலே தாய்க்கப்பல் வந்து நின்று தண்ணீரை உறிஞ்சுகிறது. அவ்வளவுதான், எல்லாரும் பெங்களூர் ரோட்டைப் பிடிக்கிறார்கள். "ராணுவம் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். கப்பலின் பலத்தைக் குறைத்தால் பயம் போய்விடுகிறது, கூட்டினால் ஆட்டமே முடிந்துவிடுகிறது. எங்கே கை வைப்பது?

தகடூர் வாசி:
தம்பி, பலத்தை விடுங்கள். வந்தவர்களின் நோக்கம்தான் இடிக்கிறது. தண்ணீருக்காக யாரும் இங்கே வர வேண்டியதில்லை. வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் பூமியின் கடல்கள் எல்லாம் சேர்ந்ததைவிட அதிகத் தண்ணீர் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். தடுக்க அங்கே ஆளும் இல்லை. சூரியனை விட்டால் மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரியே 4.24 ஒளியாண்டு தூரம். ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் கிளம்பினாலும் வந்து சேர 42 ஆண்டு ஆகும். அவ்வளவு பாடுபட்டு வருகிறவர்களுக்கு எங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று வேண்டும். அது என்ன என்று முடிவாகிவிட்டால் எங்கே இறங்குவார்கள், எதைத் தொடமாட்டார்கள், எதைக் கண்டு பயப்படுவார்கள் எல்லாம் தானாக வரும்.

நம் பக்கத்துக்கு ஃபுளோரைடு, அதாவது ஃபுளோரின் தனிமத்தின் உப்பு, பொருந்தும். பிரபஞ்சத்தில் ஃபுளோரின் அரிது, ஆக்சிஜன், கார்பன் மாதிரி குவிந்து கிடப்பதில்லை. நம் மாவட்டங்களில் பாறையிலிருந்து கரைந்து போர்வெல் தண்ணீரிலேயே வருகிறது. குடிநீருக்கான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய ஊர்கள் எத்தனையோ. தாய்க்கப்பலே வேண்டாம். முதல் அறிகுறி நல்ல செய்தியாக இருக்கட்டும்: ஒரு கிராமத்தில் ஃபுளோரைடு திடீரென்று குறைகிறது, ஊரே சந்தோஷப்படுகிறது. தண்ணீர் மாதிரி எடுக்க வந்தவருக்கு மட்டும் உறுத்துகிறது. நல்ல செய்தியைப் பார்த்து யாரும் ராணுவத்தைக் கூப்பிட மாட்டார்கள், ஊரைவிட்டு ஓடவும் மாட்டார்கள்.

ஒகேனக்கல் பரிசல்:
ஃபுளோரைடு எலும்பிலும் பல்லிலும் சேரும். அப்படியென்றால் அடுத்த கட்டம் மனிதர்கள்தான். இந்தப் போர்வெல் தண்ணீருக்குப் பதிலாகக் காவிரித் தண்ணீர் தர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் குழாயை யாரோ அடிக்கடி உடைக்கிறார்கள் என்று வையுங்கள். மக்கள் மறுபடி போர்வெல் தண்ணீரைக் குடிக்கட்டும் என்று ஏலியன்கள் செய்கிற வேலை.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் பெரியம்மா வயதில் பலர் ஃபுளோரைடால் பல் கறையோடும் விறைத்த மூட்டுகளோடும் இன்றும் கஷ்டப்படுகிறார்கள். அவர்களைப் பேயாகவோ இரையாகவோ காட்டாதீர்கள். எந்தக் கிணறு எந்த வருஷம் மாறியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிளேயர்கள் அவர்களிடம் போய்க் கேட்கும்படி வையுங்கள்.

பர்கூர் பகடை:
நன்றி அக்கா, கண்டிப்பாக அப்படியே வைக்கிறேன். தாய்க்கப்பல் போய்விட்டது! ஆனால் தடயத்தைத் தவறவிட்டால் கதை நின்றுவிடுமே? அதையும் மீறிப் பெங்களூர் போனால்?

தகடூர் வாசி:
ஒரே விஷயத்துக்கு மூன்று வழியாவது வையுங்கள். போர் போட வந்த திருச்செங்கோட்டு லாரிக்காரர் வித்தியாசமான மண்ணைப் பார்க்கிறார். ஆய்வக அறிக்கையில் எண் இடிக்கிறது. தேன்கனிக்கோட்டைக் காட்டில் யானைகள் ஒரு குட்டையைத் தவிர்க்கின்றன. எதைப் பிடித்தாலும் போதும்.

அப்புறம், யாரும் தடுக்காவிட்டால் ஏலியன்கள் என்னென்ன செய்வார்கள் என்று முன்பே வரிசையாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு படி நகரட்டும். பெங்களூர் போனாலும் போகட்டும், அங்கிருந்து போன் போட்டால் அம்மா வீட்டுத் தண்ணீரின் ருசி மாறியிருக்கும். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஊரில் ஒரு ஆளைத் தொடக்கத்திலேயே எழுத வைத்துவிடுங்கள்.

பர்கூர் பகடை:
சரி அண்ணா. போச்சம்பள்ளிப் பக்கம் தண்ணீர்ப் பரிசோதனையில் தொடங்குகிறேன். ஆனால் துப்பாக்கி இல்லாமல் ஜெயிப்பது எப்படி?

ஒகேனக்கல் பரிசல்:
படிகாரமும் சுண்ணாம்பும். நல்கொண்டா முறை என்று ஒன்று இருக்கிறது, இரண்டையும் கலந்தால் ஃபுளோரைடு வண்டலோடு அடியில் படிந்துவிடும். ஏலியன்கள் நீரைத் தேக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே கொட்டினால் பட்டினிதான். அளவு மிஞ்சினால் தண்ணீரில் அலுமினியம் தங்கிவிடும், அதை ஊர்மக்களும் குடிக்க வேண்டியிருக்கும். எவ்வளவு கொட்டுவது என்பதைப் பகடைக்கு விடாதீர்கள், பிளேயர்களே பேசி முடிவு செய்யட்டும்.