புதுப்பிப்பு: லாபிசிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வழி கிடைத்தது

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ்–யோங் பெங் சாலை வெள்ளத்தில் மூழ்கிவிட்டது, அம்மாவை ஜொகூர் பாரு மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று காலையில் கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வடக்கே திரும்பி சிகாமட், ஜெமந்தா, தங்காக் வழியாகப் போய் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். பெரிய சுற்றுதான், ஆனால் எங்கும் தண்ணீர் இல்லை.

வழிகாட்டும் செயலி செம்பனைத் தோட்டத்து மண்சாலையைக் காட்டினால் தயவுசெய்து இறங்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் மதகு இருக்கிறதா, அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று அதற்குத் தெரியாது. 30 செ.மீ. தண்ணீரே மைவி மாதிரி சின்னக் காரை மிதக்கவிடும்.

அப்புறம், கிளம்புமுன் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் (வெள்ளத் தகவல்) இணையப் பக்கத்தில் ஆற்று மட்டத்தைப் பாருங்கள். ‘அமாரான்’ (எச்சரிக்கை மட்டம்) வந்துவிட்டால் காத்திருக்காமல் சுற்றுவழியையே எடுங்கள். நாளை திரும்பும்போது சிகாமட் பக்க நிலவரம் எழுதுகிறேன்.