லிமிட் சைக்கிள்: ‘எல்லைச் சுழற்சி’ வேண்டாம், ‘அணுகுசுழற்சி’ எனலாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வகைக்கெழுச் சமன்பாடுகளில் வரும் ‘லிமிட் சைக்கிள்’ (limit cycle: அருகில் வேறு மூடிய பாதை இல்லாமல் தனித்து நிற்கும் மூடிய தீர்வுப் பாதை) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் பெரும்பாலோர் பரிந்துரைத்த சொல் ‘எல்லைச் சுழற்சி’. நானும் இரண்டு ஆண்டுகளாக அதைத்தான் சொல்லிவந்தேன். போன சனிக்கிழமையோடு விட்டுவிட்டேன்.

முதுநிலைக் கணித மாணவர்கள் சிலருக்குச் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தமிழில் விளக்கிவருகிறேன். அன்று கரும்பலகையில் ஒரு மூடிய வளைவு போட்டேன். உள்ளேயிருந்து ஒரு பாதை சுருள்சுருளாக விரிந்து அதை ஒட்டுகிறது. வெளியேயிருந்து இன்னொன்று சுருங்கிவந்து ஒட்டுகிறது. “இந்த வளைவுதான் எல்லைச் சுழற்சி” என்றேன். ஒரு மாணவி வெளிப்பாதையைக் காட்டி, “எல்லைன்னா அதுக்கு வெளியே தீர்வே இருக்கக் கூடாதே சார், இது எப்படி அங்க வந்துச்சு?” என்றார். பிழை அவருடையதல்ல. முந்தைய வாரம்தான் எல்லை மதிப்புக் கணக்குகள் நடத்தியிருந்தேன். அங்கே எல்லை என்றால் இடைவெளியின் விளிம்பு. பதினொன்றாம் வகுப்பில் படித்த எல்லையோ ஒரு சார்பு நெருங்கிச் செல்லும் மதிப்பு. பள்ளியில் இவை வெவ்வேறு பாடங்கள், சமாளித்துவிடலாம். முதுநிலையில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து மோதுகின்றன.

பிரெஞ்சுக் கணிதர் புவான்கரே 1881 முதல் 1886 வரை எழுதிய கட்டுரைத் தொடரில் இந்தப் பெயரை வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது விளிம்பு அல்ல, நெருங்குதல். அண்டைப் பாதைகள் காலப்போக்கில் எதை நெருங்குகின்றனவோ அது. தமிழ்ச் சொல்லும் அந்த நெருங்குதலைப் பிடிக்க வேண்டும்.

‘ஈர்ப்புச் சுழற்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் பாதிதான் சரி. ஆரம் மாறும் வீதம் = ஆரம் × (1 − ஆரத்தின் வர்க்கம்), கோணம் சீராக ஏறுகிறது என்று வையுங்கள். 0.1இல் தொடங்கினாலும் 3இல் தொடங்கினாலும் ஆரம் 1ஐ நோக்கியே போகும். வலப்பக்கத்தின் குறியை மாற்றுங்கள்: அதே வட்டம், ஆனால் இப்போது எல்லாப் பாதைகளும் அதைவிட்டு விலகி ஓடுகின்றன. இதுவும் லிமிட் சைக்கிள்தான். தள்ளிவிடுவதை ஈர்ப்பு என்று சொல்ல முடியாது.

‘தனிச்சுழற்சி’ என்ற பரிந்துரையை நான் நெடுநேரம் யோசித்தேன். வரையறையே ‘தனித்த மூடிய பாதை’ என்பதுதான். இரை விலங்கும் வேட்டை விலங்கும் கூடிக் குறைவதைச் சொல்லும் லோட்கா–வோல்டெரா சமன்பாட்டில் மூடிய பாதைகள் இடைவெளியில்லாமல் அடுக்கடுக்காக இருப்பதால் அவற்றில் எதுவும் இந்தப் பெயருக்கு உரியதல்ல. ஆனாலும் ஜெர்மன் கணிதர் ஹில்பர்ட் 1900இல் முன்வைத்த தீராக் கணக்குகளில் 16ஆவதை நினைத்துப் பாருங்கள். இருபடி வகைக்கெழுச் சமன்பாட்டுத் தொகுதிக்கு அதிகபட்சம் எத்தனை லிமிட் சைக்கிள் என்பது இன்றுவரை தீரவில்லை. நான்கு உள்ள எடுத்துக்காட்டு உண்டு. ஒரு புள்ளியைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று, வேறொரு புள்ளியைச் சுற்றி ஒன்று. ‘ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தனிச்சுழற்சிகள்’ என்று வாய்விட்டுச் சொன்னால் காது ஒப்பவில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘அணுகுசுழற்சி’. இது வினைத்தொகை, ‘அணுகுச்சுழற்சி’ என்று வல்லினம் மிகவைத்து எழுதிவிடாதீர்கள். வினைத்தொகை என்பதில்தான் எனக்கு முழு மகிழ்ச்சி. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலமும் அடக்கம். அணுகுசுழற்சியும் அப்படியே. நிலையான சுழற்சியைப் பாதைகள் எதிர்காலத்தில் அணுகும். நிலையற்றதைக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அணுகும்: கழிந்த காலத்தில் அணுகியிருந்தவை. ஆரம் மாறும் வீதம் = ஆரம் × (ஆரம் − 1)² என்றால் உள்ளேயிருப்பவை இனி வந்து சேர்பவை, வெளியேயிருப்பவை முன்பே அங்கிருந்து புறப்பட்டவை. இந்த அரைநிலைச் சுழற்சிக்கு இரண்டு காலமும் ஒரே சமயத்தில் வேண்டும். தமிழ் இலக்கணம் அதை ஏற்கெனவே தந்திருக்கிறது.

“சுழற்சி எதையோ அணுகுகிறது என்று படித்துவிட மாட்டார்களா?” என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். குடிநீர் எதையும் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. இங்கும் சுழற்சி அணுகப்படுகிறது. வளைவு நெருங்கிக்கொண்டே போகும் கோடான அசிம்ப்டோட்டுக்குத் தொலைத்தொடுகோடு என்பதோடு அணுகுகோடு என்ற சொல்லும் வழக்கில் இருப்பதால் மாணவருக்கு இது புதிதாகவும் படாது. பாதை காலப்போக்கில் நெருங்கும் புள்ளிகளின் கணமான லிமிட் செட் (limit set) என்பதை ‘அணுகுகணம்’ என்று அதே வார்ப்பில் ஆக்கிக்கொள்ளலாம்.

இலங்கை நண்பர்கள் ‘நீர் வட்டம்’ என்று எழுதும் வழக்கப்படி ‘அணுகுவட்டம்’ என்கிறார்கள். இங்கே மட்டும் தயவுசெய்து வேண்டாம். மின்சுற்று அலைவுகளை விளக்கும் வான் டெர் பால் சமன்பாட்டில் தடையுறு உறுப்பின் கெழு சிறிதாக இருக்கும்வரை வளைவு ஏறக்குறைய 2 ஆரமுள்ள வட்டம்தான். கெழு பெரிதானால் மெல்ல ஊர்ந்து திடீரெனத் தாவும் கோணல் வடிவம் வந்துவிடும். அதை வட்டம் என்று எழுதினால் மாணவர் தேர்வுத்தாளிலும் வட்டமே போடுவார்.

வரையறையை இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன்: “தன் அருகில் வேறு மூடிய பாதை இல்லாத மூடிய பாதை அணுகுசுழற்சி எனப்படும்.” ‘அருகில்’ என்பதற்குப் பதிலாக ‘அண்மையகத்தில்’ (neighbourhood) என்றே எழுதிவிடலாமா? உங்கள் கருத்து வேண்டும்.