இருட்டு மாதங்களில் மனச்சோர்வு: வைட்டமின் டி எவ்வளவு, சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

ட்ரொம்சோவாசி:
நவம்பர் கடைசியில் போகும் சூரியன் இங்கே வட நார்வேயில் ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகுதான் தலைகாட்டும். வீட்டில் இரண்டு பேர். இருவருக்கும் காலையில் எழும்ப முடியாத சோர்வு. மாலையானால் பாண், பிஸ்கட், சோறு என்று மாவுப் பண்டத்தின் மேலேயே கண். ஒருவர் சைவம், தைரோய்ட் குறைவுக்குத் தைரோக்சின் மாத்திரை போடுகிறவர். ஊரிலிருந்து வந்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் ஒரு பெட்டி இருக்கிறது. தினம் ஒன்று போடலாமா? மீனெண்ணெய், மனச்சோர்வுக்கென்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை பற்றியும் சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி:
தினமும் வேண்டவே வேண்டாம். 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். அந்தப் பாக்கெட் ஒன்றே 1,500 மைக்ரோகிராம். நார்வேயில் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் அளவு நாளைக்கு 10 மைக்ரோகிராம், எழுபத்தைந்து வயதிலிருந்து 20. மருத்துவர் சொல்லாமல் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஊரில் அந்தப் பாக்கெட்டை எழுதிக்கொடுப்பது குறைபாடு உள்ளவர்களுக்கு, வாரம் ஒன்றாக, சில வாரங்களுக்கு மட்டும். தினமும் போட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறும்: அடங்காத தாகம், மலச்சிக்கல், குமட்டல், பிறகு சிறுநீரகப் பாதிப்பு. கொழுப்பில் தேங்கும் வைட்டமின் என்பதால் நிறுத்திய பிறகும் சீக்கிரம் இறங்காது.

முதலில் குடும்ப மருத்துவரிடம் வைட்டமின் டி, பி12, பெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), தைரோய்ட் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊர் ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது அலகைக் கவனியுங்கள். வைட்டமின் டி அங்கே மில்லிலீட்டருக்கு 20 நானோகிராம் என்பது இங்கே லீட்டருக்கு 50 நானோமோல். இதைக் கவனிக்காமல் "ஒரே வருஷத்தில் இரண்டரை மடங்கு கூடிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

டி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல், எண்ணெயோ நெய்யோ உள்ள பெரிய சாப்பாட்டோடு எடுங்கள். ஆனால் குறைபாடு இல்லாதவருக்கு அது மனதைத் தூக்கிவிடும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 18,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்கு நாளைக்கு 2,000 யூனிட், மறுபாதிக்கு வெற்று மாத்திரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல். 2020-இல் வந்த முடிவில் மனச்சோர்வில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை.

கறிவேப்பிலை:
சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். அந்த மாலைப் பசி குளிர்காலச் சோர்வின் அடையாளங்களில் ஒன்று; மன உறுதிக் குறைவு என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அதை அடக்குவது மாலையில் இல்லை, காலையில். எழும்பி ஒரு மணி நேரத்துக்குள் 20 கிராம் புரதம்: இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் அவித்த கடலையும் போதும். சைவக்காரருக்குக் கடலையோடு ஒரு கோப்பை கெட்டித் தயிர். வெறும் பாணும் ஜாமும் என்றால் பதினொரு மணிக்கே கை பிஸ்கட் டின்னுக்குப் போகும்.

சாப்பாட்டோடு பிளேன் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்; தேயிலைச் சாயம் கீரை, பருப்பிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்துவிடும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு கோப்பி வேண்டாம்.

மீன் வாரம் இரண்டு மூன்று தடவை, அதில் கொழுப்பு மீன் ஒரு தடவையாவது: சாளை, மாக்கரல், சால்மன். டின்மீன் குழம்பும் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் கடையில் கிடைக்கும் 'த்ரான்' என்ற மீன் ஈரல் எண்ணெய் ஐந்து மில்லி. அதிலேயே 10 மைக்ரோகிராம் டி இருக்கிறது. திறந்த போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் பழைய பெயின்ட் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். சைவக்காரருக்குப் பாசி எண்ணெய்க் குளிகையும், பி12 நாளைக்கு 10 மைக்ரோகிராமும்.

ட்ரொம்சோவாசி:
நன்றி அக்கா. தைரோக்சினோடு இதெல்லாம் இடிக்காதா? இருட்டு மாதச் சோர்வுக்கு விற்கும் வெளிச்ச விளக்கு வாங்கலாமா?

மருந்துப்பெட்டி:
தைரோக்சின் எழும்பியவுடன் தண்ணீரோடு மட்டும். அரை மணி முதல் ஒரு மணி கழித்து காலைச் சாப்பாடு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. அவற்றோடு சேர்த்து விழுங்கினால் தைரோக்சின் உடம்பில் சரியாக ஏறாது, சோர்வு கூடும், பழியை இருட்டின் மேல் போடுவோம்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கேட்காமல் வேண்டாம். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் போன்றவற்றின் வேலையைக் குறைக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் மூளையில் செரோடோனின் என்ற இரசாயனம் அளவுக்கு மீறி ஆபத்தாகும்.

விளக்கு கட்டாயம் வாங்குங்கள். குளிர்கால மனச்சோர்வுக்கு வைட்டமின் மாத்திரைகளை விட ஆதாரம் அதற்குத்தான் பலம். 10,000 லக்ஸ் (வெளிச்ச அளவு), புற ஊதா இல்லாதது, விடியற்காலை சாப்பிடும்போது அரை மணி நேரம். 10,000 லக்ஸ் எந்தத் தூரத்தில் கிடைக்கும் என்று பெட்டியில் பாருங்கள். பல விளக்குகளில் 30 சென்டிமீட்டர்தான். மேசையின் மறுமுனையில் வைத்தால் அது வெறும் அலங்காரம். விழித்திரை நோயோ பைபோலார் என்ற மனநிலை ஏற்றத்தாழ்வு நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றால் இதையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே அவசர மருத்துவ சேவைக்கு 116117. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் ஆம்புலன்ஸ் எண் 113.